தோள் அளந்து செய்த கவசம்

(வெள்ளக்கடையில் நடந்த கூட்டமைப்பு மாதக் கூட்டத்தில் நமது கள ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரை. வர இயலாத உறுப்பினர்களுக்காக இங்கே தரப்படுகிறது.)



இன்றைக்கு நான் சேமிப்பைப் பற்றிப் பேசப் போவதில்லை. வங்கிக் கடனைப் பற்றியும் பேசப் போவதில்லை. தோள் கவசத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்கிறீங்க, தெரியுது. "காபிப் பழம் பறிக்கிற எங்களுக்கும் ரோபோவோட தோளுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று பின்னால் உட்கார்ந்திருக்கிற அக்கா கேட்கிறார். சம்பந்தம் இருக்கிறது அக்கா. நம்முடைய குழு ஒன்று கைக்காசை இழந்தது இந்தத் தோளில்தான். ஒரு பெண் குழந்தை அழுததும் இந்தத் தோளால்தான். பிறகு நாம் ஒரு தொழில் கற்றுக்கொண்டதும் இதே தோளில்தான். நடந்ததை ஒளிக்காமல் சொல்கிறேன்.

நடந்தது என்ன?

ஒரு பள்ளி ஆண்டு விழாவுக்காகப் பிள்ளைகளே ஒரு நாடகம் எழுதினார்கள். எதிர்காலத்தில் ஒரு ரோபோ மலைக்கு வருகிறது, மரம் வெட்ட வந்த ரோபோ மனம் மாறி மரத்தைக் காப்பாற்றுகிறது என்று கதை. கடைசியில் அது கையைத் தூக்கித் தன் கழுத்துக்குப் பின்னால் இருக்கும் பொத்தானைத் தானே அணைத்துவிட வேண்டும். அதுதான் நாடகத்தின் உயிர். ரோபோ வேஷம் போட்டது பத்து வயதுப் பெண்.

துணிப்பை தைக்கிற நம் குழுவிடம், "மூன்று பிள்ளைகளுக்குத் தோள் கவசம் செய்து தர முடியுமா?" என்று கேட்டார்கள். குழுவினர் தயங்கினார்கள். நான்தான் "முடியும், முடியும்" என்று முந்திக்கொண்டேன். சமூகப்பணி படித்தவள் இல்லையா, எல்லாம் தெரியும் என்ற நினைப்பு! ஒரு படத்தைக் கொண்டுவந்து கொடுத்து, "இதே மாதிரி அச்சா வரணும்" என்றேன். அட்டையை வெட்டி, காகிதம் ஒட்டி, வெள்ளிப் பெயிண்ட் அடித்தோம். மேஜைமேல் வைத்துப் பார்த்தால் கண்ணைப் பறித்தது.

விழா அன்று அந்தப் பெண் மேடை ஏறினாள். நன்றாகத்தான் நடித்தாள். கடைசிக் கட்டம் வந்தது. கையைத் தூக்கினாள், கை எழும்பவில்லை. கவசத்தின் மேல் விளிம்பு கழுத்தில் இடித்தது. மறுபடியும் தூக்கினாள். "பட்" என்று ஒரு பக்கம் கிழிந்து தொங்கியது. கூட்டம் சிரித்துவிட்டது. அவள் பொத்தானை அணைக்காமலே உள்ளே ஓடிவிட்டாள்.

பேசிய பணத்தில் பாதியைத் திருப்பிக் கொடுத்தோம். அடுத்த குழுக் கூட்டத்தில் சண்டை. "யார் ஒத்துக்கச் சொன்னது?" "யார் வெட்டுனது?" என்று ஒருவரை ஒருவர் பேசினார்கள். நான் எழுந்து, "தப்பு என்னுடையது. நான் பிள்ளையைப் பார்க்கவில்லை, படத்தை மட்டும் பார்த்தேன்" என்று சொல்லி, அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொன்னேன். அப்போது வயதில் மூத்த ஒரு ஆயா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஏன் கண்ணு, அந்தப் புள்ளையைக் கையைத் தூக்கச் சொல்லிப் பாத்தீங்களா?" நாங்கள் பார்க்கவே இல்லை.

கூத்துக்காரர்களுக்குத் தெரிந்த கணக்கு

தோள் கவசம் என்பது வெளிநாட்டுச் சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். கூத்து பார்த்திருப்பீர்கள். துரியோதனன், கர்ணன், அர்ச்சுனன் வேஷம் கட்டுகிறவர் தலையில் கிரீடம், மார்பில் பதக்கம், இரண்டு தோளிலும் இறக்கை மாதிரி புஜக்கட்டை கட்டியிருப்பார். இந்தக் கட்டைகளை வைத்துத்தான் வடமாவட்டங்களில் அதற்குக் கட்டைக்கூத்து என்றே பெயர். காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் 2002 முதல் 2020 வரை நடந்த கட்டைக்கூத்து குருகுலத்தில் பெண் பிள்ளைகளும் இந்தக் கலையைக் கற்று மேடை ஏறினார்கள்.

அந்தக் கட்டையை எந்த மரத்தில் செதுக்குகிறார்கள் தெரியுமா? கல்யாண முருங்கை. நாம் முள்முருங்கை என்று சொல்கிறோமே, மிளகுக்கொடி ஏற்றவும் காபிக்கு நிழல் தரவும் தோட்டத்தில் வளர்க்கிற அதே மரம். விறகுக்குக்கூட ஆகாத மரம் என்று நாம் ஒதுக்குகிறோம். அவர்கள் அதன் எடை குறைவைப் பார்த்து எடுத்துக்கொண்டார்கள். மேலே கண்ணாடிச் சில்லும் ஜிகினாத் தாளும் ஒட்டினால் விளக்கு வெளிச்சத்தில் தங்கம் போல ஜொலிக்கிறது. ராத்திரி தொடங்கி விடியும்வரை ஆட வேண்டும். சுழன்று சுழன்று கிறுக்கி போட வேண்டும். கனமாக இருந்தால் ஆடவே முடியாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். புஜக்கட்டையை அவர்கள் கையைச் சுற்றி இறுக்கிப் போடுவதில்லை. கயிறு கொண்டு தோளில் கட்டுகிறார்கள். கட்டை தோளை ஒட்டி நிற்கிறது, கை தன்பாட்டுக்கு வீசுகிறது. ஆயா கேட்ட கேள்விக்கு விடை இதில்தான் இருந்தது.

பெரிய சினிமாவிலும் இதே பாடம்

"எந்திரன்" படம் 2010-ல் வந்தது. அதில் ரோபோ உடைகளையும் பொம்மை உருவங்களையும் அமெரிக்காவில் உள்ள லெகசி எஃபெக்ட்ஸ் என்ற நிறுவனம் செய்து கொடுத்தது. இந்த மாதிரி வேலைக்கு முதலில் நடிகரின் உடம்பை அச்செடுப்பார்கள். அந்த அச்சின்மேல் களிமண்ணை அப்பி உருவம் செய்வார்கள். அதிலிருந்து இன்னொரு அச்செடுத்து, ரப்பரிலோ பிளாஸ்டிக்கிலோ வார்ப்பார்கள். ஆக, ஆரம்பம் உடம்பு. படம் அதற்கு அடுத்தபடிதான்.

1977-ல் வந்த "ஸ்டார் வார்ஸ்" என்ற ஆங்கிலப் படத்தில் தங்க நிற ரோபோ ஒன்று வரும். அதைக் களிமண்ணில் உருவாக்கியவர் லிஸ் மூர் என்ற ஒரு பெண் சிற்பி. அந்தோணி டேனியல்ஸ் என்ற நடிகரின் உடம்பை அச்செடுத்து, அதன்மேல்தான் மண் அப்பினார். அப்படிச் செய்தும், படப்பிடிப்பின் முதல் நாளிலேயே கால் பகுதி உடைந்து அந்த நடிகரின் பாதத்தில் குத்திவிட்டது. அந்த உடையைப் போட்டுக்கொண்டு அவரால் உட்காரவும் முடியாது, சாய்ந்து நிற்க ஒரு பலகை வைத்திருந்தார்கள். கோடி கோடியாய்ச் செலவழிக்கிறவர்களுக்கே அந்தக் கதி. நாம் முதல்முறை தோற்றதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. ஏன் தோற்றோம் என்று தெரிந்துகொள்ளாவிட்டால்தான் வெட்கம்.

நான் செய்த தப்புக் கணக்கு

இதைக் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். படத்தில் ரோபோவின் தலை உயரம் 2 சென்டிமீட்டர். தோள் கவசத்தின் உயரமும் 2 சென்டிமீட்டர். "ஓகோ, தலை அளவுதான் கவச அளவு" என்று நினைத்தேன். பிள்ளையின் தலையை அளந்தேன், 20 சென்டிமீட்டர். அதனால் கவசத்தையும் 20 சென்டிமீட்டர் வெட்டச் சொன்னேன். அது முழங்கைவரை வந்துவிடும்போல நின்றது.

தப்பு எங்கே? பிள்ளைகளுக்கு உடம்போடு ஒப்பிட்டால் தலை பெரிது, தோள் சிறிது. படத்தில் இருப்பது பெரிய ஆள் உடம்பு. அதனால் தலையை அளவுகோலாக வைக்கக் கூடாது. தோளைத்தான் வைக்க வேண்டும். படத்தில் தோள் அகலம் 5 சென்டிமீட்டர், கவசம் 2. அந்தப் பெண்ணின் தோள் அகலம் 30 சென்டிமீட்டர். 30-ஐ 5-ஆல் வகுத்தால் 6. அதை 2-ஆல் பெருக்கினால் 12. கவசம் 12 சென்டிமீட்டர் இருந்திருக்க வேண்டும். நான் 20 வைத்தேன்! அச்சாக வருவது என்றால் படத்தில் உள்ள பொருளின் அளவு வருவது இல்லை. போடுகிறவர் உடம்புக்கு அந்தப் பொருத்தம் வருவது.

செய்முறை

இப்போது நாம் செய்கிற முறையைச் சொல்கிறேன். எழுதிக்கொள்கிறவர்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

முதலில் அளவு. உள்ளே போடப்போகிற சட்டையோடு நிற்க வைத்து ஐந்து அளவு எடுக்க வேண்டும். ஒரு தோள் முனையிலிருந்து மறு தோள் முனை. கழுத்தடியிலிருந்து தோள் முனை. தோள் முனையிலிருந்து முழங்கை. கை தொங்கும்போது மேற்கையின் சுற்றளவு. கையை மடக்கும்போது அதே சுற்றளவு. எல்லா இடத்திலும் இரண்டு விரல் நுழைகிற இடைவெளி விட வேண்டும். கவசம் கழுத்தடியில் தொடங்கக் கூடாது, கழுத்துக்கும் தோள் முனைக்கும் நடுவில்தான் தொடங்க வேண்டும். கையைத் தூக்கினால் தோள் எலும்பும் சேர்ந்து மேலே வரும். உங்கள் தோளில் கைவைத்து இப்போதே தூக்கிப் பாருங்கள், தெரியும்.

இரண்டாவது மாதிரித் தாள். பழைய செய்தித்தாளில் வெட்டிப் பாருங்கள். தட்டையான தாள் எப்படிக் குவியும் என்று கேட்கலாம். ரவிக்கைக்கு டாட் பிடிக்கிறோமே, அதே கணக்குத்தான். ஓரத்தில் முக்கோணமாக வெட்டி இரண்டு விளிம்பையும் சேர்த்தால் தாள் கிண்ணம் போல எழும். தையல் தெரிந்த உறுப்பினர்கள் இதில் என்னைவிட கெட்டிக்காரர்கள். ஒரு பக்கத்து மாதிரியை வெட்டியதும் அதைத் திருப்பிப் போட்டு மறு பக்கத்தை வெட்ட வேண்டும். 'இ', 'வ' என்று எழுதிவிடுங்கள். நாங்கள் ஒரு தடவை இரண்டும் இடது தோளாகவே செய்துவிட்டோம்!

மூன்றாவது, ஒரே துண்டாகச் செய்யாதீர்கள். மூன்று துண்டாகச் செய்யுங்கள். அலுங்கின் செதில் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்குமே, அது மாதிரி. தோள்மேல் ஒரு குவிந்த துண்டு, அதற்குக் கீழே இரண்டு பட்டை. ஒன்றின்மேல் ஒன்று ஒரு விரல் அகலம் படிய வேண்டும். உள்பக்கம் எலாஸ்டிக் நாடாவால் இணைத்தால் கை தூக்கும்போது ஒன்றுக்குள் ஒன்று போகும், இறக்கும்போது விரியும். பழங்கால ரோமானிய வீரர்களின் இரும்புத் தோள் கவசமும் இப்படி அடுக்குப் பட்டையாகத்தான் இருந்தது.

நான்காவது உருவம். குவிந்த துண்டுக்குத் தோளின் வளைவோடு ஒத்துப்போகிற ஒரு சட்டியைக் கவிழ்த்து வையுங்கள். அதன்மேல் களிமண் அப்பி, படத்தில் உள்ள மேடு பள்ளத்தைக் கரண்டிக் காம்பால் செய்யுங்கள். படத்தை முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம் என்று மூன்று விதமாகப் பார்த்துச் செய்வது நல்லது. ஒரே படத்தை வைத்துச் செய்தால் பின்பக்கம் மொட்டையாகிவிடும். மண்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாள் விரித்து, மைதாப் பசையில் நனைத்த காகிதக் கீற்றுகளை ஒட்டுங்கள். ஒரு அடுக்கு செய்தித்தாள், ஒரு அடுக்கு காக்கித்தாள் என்று மாற்றி மாற்றி ஒட்டினால் எந்த இடம் விட்டுப்போனது என்று நிறத்திலேயே தெரியும். ஏழு அடுக்கு போதும். முறத்துக்கும் கூடைக்கும் வெந்தயமும் காகிதமும் அரைத்துப் பூசிய பாட்டிமார்கள் இங்கே இருக்கிறீர்கள். மேடு செய்ய வேண்டிய இடத்துக்கு அந்தக் கூழே போதும், கல் மாதிரி இறுகும்.

ஒரு எச்சரிக்கை. பூச்சி அரிக்காமலிருக்கப் பசையில் மயில்துத்தம் போடுகிற வழக்கம் உண்டு. அது விஷம். பிள்ளைகள் தோளில் போடுகிற பொருளில் வேண்டவே வேண்டாம். பழைய பெயிண்ட் டப்பாவையும் எடுக்காதீர்கள், அதில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.-க்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது.

நம்ம ஊர் ஈரம்

சமவெளியில் ஒரு நாளில் காய்வது நம் மலையில் மூன்று நாளானாலும் காயாது. அடுக்கு உள்ளே ஈரம் இருக்கும்போதே பெயிண்ட் அடித்தால் பூஞ்சை பிடித்துவிடும். அவசரப்பட்டு ஒரு பக்கம் மட்டும் வெயிலில் வைத்தால் அப்பளம் போல வளைந்துவிடும். இரண்டு அடுக்கு ஒட்டினால் காய விட்டு, பிறகு அடுத்த இரண்டு ஒட்டுங்கள். அடுப்படி அனலில், தீயிலிருந்து தள்ளி, சட்டியோடு சேர்த்தே திருப்பித் திருப்பி வையுங்கள்.

மழை மாதங்களில் காகிதம் சரிப்படாது. அப்போது செருப்பு அடிப்பாகத்துக்குப் போடுகிற ஈ.வி.ஏ. ஃபோம் ஷீட் எடுத்துக்கொள்கிறோம். 5 மில்லிமீட்டர் கனம் போதும். அதைச் சூடாக்கி வளைத்து, ஆறும்வரை பிடித்துக்கொண்டால் அந்த வளைவு அப்படியே நிற்கும். இஸ்திரிப் பெட்டியைக் குறைந்த சூட்டில், நடுவில் ஒரு தாள் வைத்துப் பயன்படுத்தலாம். நெருப்பில் காட்டக் கூடாது. ஒட்டுவதற்கு ரப்பர் பசையை இரண்டு பக்கமும் தடவி, கை ஒட்டாத பதம் வந்த பிறகு சேர்த்து அழுத்த வேண்டும். அந்தப் பசையின் வாசனை தலையைச் சுற்றும், தீயும் பிடிக்கும். ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்பில்லாத இடத்தில், கைக்குழந்தை இல்லாத இடத்தில் செய்யுங்கள்.

காய்ந்ததும் ஓரத்தை வெட்டி, விளிம்புக்குத் துணி நாடா ஒட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பெயிண்ட் அடிக்கலாம். மார்புக்குக் குறுக்கே அகலமான வார் வைத்து அதில்தான் கவசத்தை மாட்ட வேண்டும். எடை முழுதும் அந்த வாரில் நிற்கும். கையைச் சுற்றி ஒரு தளர்ந்த எலாஸ்டிக், அவ்வளவுதான்.

கடைசியில் பரீட்சை. போட்டுக்கொண்டு இரண்டு கையையும் தூக்க வேண்டும். காதைத் தொட வேண்டும். தன்னைத்தானே கட்டிக்கொள்ள வேண்டும். உட்கார்ந்து எழ வேண்டும். கழுத்தை இரண்டு பக்கமும் திருப்ப வேண்டும். பத்து நிமிஷம் நடக்க வேண்டும். கழற்றிய பிறகு தோலில் சிவப்புத் தடம் இருந்தால் அந்த இடத்தை மறுபடி தேய்க்க வேண்டும். இதெல்லாம் முடிந்த பிறகுதான் பொருள் நம் கையை விட்டுப் போகலாம்.

காசுக் கணக்கு

முதல் தடவை ஜோடி 500 ரூபாய் என்று மூன்று ஜோடிக்கு 1,500 பேசினோம். பொருள் செலவு 860. மூன்று பேர் நான்கு நாள் உழைத்தோம், பன்னிரண்டு ஆள் நாள். மீதி 640-ஐப் பன்னிரண்டால் வகுத்தால் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 53 ரூபாய் சொச்சம். அதிலும் பாதிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம் என்பது தனி. பொருள் சரியாக வந்திருந்தாலும் நாம் நஷ்டப்பட்டுத்தான் இருப்போம்! சகோதரிகளே, எந்தத் தொழிலானாலும் நம் கூலியை முதல் வரியில் எழுதுங்கள். மிச்சம் இருந்தால் எடுத்துக்கொள்ளலாம் என்று கடைசியில் வைத்தால் மிச்சமே இருக்காது.

இப்போது மாதிரித் தாள்களைப் பத்திரப்படுத்தி வைத்திருப்பதால் ஒரு ஜோடிக்கு ஒரு ஆளுக்கு ஒன்றரை நாள் போதும். விற்பதைவிட வாடகைக்குக் கொடுப்பதுதான் நமக்கு ஏற்றது. வாரையும் நாடாவையும் மாற்றினால் ஒரே கவசம் நாலைந்து பிள்ளைகளுக்குப் பொருந்தும். எடுத்துப்போனவர் பெயர், தேதி, முன்பணம் மூன்றையும் பேரேட்டில் எழுதுகிறோம்.

கதவுக்குப் பின்னால் நின்ற பெண்

கடைசியாக ஒன்று. புது முறையில் செய்யலாம் என்று முடிவானதும், ஆயா சொன்னார், "முதல்ல அந்தப் புள்ளைக்குச் செய்யணும். காசு வாங்கக் கூடாது." நாலு பேர் அவள் வீட்டுக்குப் போனோம். அவள் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு அளவு கொடுக்க மாட்டேன் என்றாள். நான் சொன்னேன், "பாப்பா, நீ நல்லாத்தான் நடிச்ச. நாங்கதான் உன்னை அளக்காம செஞ்சோம். தப்பு எங்களுது." ரொம்ப நேரம் பேசவே இல்லை. பிறகு வெளியே வந்து இரண்டு கையையும் அகல விரித்து நின்றாள்.

மறு வாரம் கவசத்தைப் போட்டுவிட்டு, "கையைத் தூக்கும்மா" என்றோம். தூக்கினாள். காதைத் தொட்டாள். கழுத்துக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய், இல்லாத அந்தப் பொத்தானை அணைத்தாள். எங்களில் ஒருத்தர் கண்ணும் காய்ந்திருக்கவில்லை. சுதந்திர தின விழாவில் அந்த நாடகத்தை மறுபடியும் போட்டார்கள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

நம்மில் பலருக்கும் வந்து சேர்கிற திட்டங்கள் இப்படித்தான் இருக்கின்றன, நம் தோளை அளக்காமல் செய்த கவசம் மாதிரி. பார்க்க அழகாக இருக்கும், போட்டால் கை எழும்பாது. யாராவது ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தால், அது நானாகவே இருந்தாலும், ஆயா கேட்ட கேள்வியைக் கேளுங்கள். "கையைத் தூக்கிப் பாத்தீங்களா?" என்று கேளுங்கள்.

இந்த வேலையைக் கற்றுக்கொள்ள விரும்புகிற குழுக்கள் தங்கள் ஊக்குநரிடம் பெயர் கொடுங்கள். வரும்போது ஒரு பழைய சட்டி, ஒரு கட்டு செய்தித்தாள், அளவு நாடா கொண்டுவந்தால் போதும்.